வெளியாள் ஏறாத ஜீப்

அங்கப்பன் பிறந்தது ஆஸ்பத்திரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து கோவை போகும் ரோட்டில், 'கோயமுத்தூர் 42' என்று எழுதிய மைல்கல்லுக்கு நாலடி தள்ளிப் பிறந்தான். பிறப்புச் சான்றிதழில் இதையெல்லாம் எழுத இடமில்லை என்பதால் புளியம்பட்டி என்று போட்டுவிட்டார்கள். அதில் அவனுக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு.

நடந்தது இதுதான். எண்பத்து நாலாம் வருசம், ஐப்பசி மழை. பெரியதோட்டத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பழனியாத்தாளுக்கு வலி கண்டது. அவள் புருசன் மாரப்பன் அதே தோட்டத்தில் வருசக்கூலி. தோட்டத்து வீட்டை அந்தப் பக்கம் சாளை என்பார்கள். மாரப்பன் சாளைக்கு ஓடினான். வாசலில் போன வருசம் வாங்கிய ஜீப் நின்றது. பண்ணாடி, அதாவது தோட்டத்து முதலாளி, மாரப்பன் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் லட்சுமணசாமியைப் பார்த்தார். "சீட்டுத்துணி புதுசுங்கப்பா," என்றார் மகன். அவ்வளவுதான் பேச்சு. மாரப்பன் மாட்டுவண்டி பூட்டினான். வண்டி மைல்கல்லைத் தாண்டவில்லை.

சீட்டுத்துணி பச்சைக் கலர், ஓரத்தில் வெள்ளைக் கோடு என்பது வரைக்கும் பழனியாத்தாளுக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைக்கு எந்தக் கிழமை பேர் வைத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த அங்கப்பன், ஆறாவது படிக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தான். அந்த ஜீப்பை ஒருநாள் வாங்கிவிட வேண்டும், அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து அதே ரோட்டில் ஓட்டிப் போக வேண்டும். வேறு லட்சியம் எதுவும் அவனிடம் இருந்ததாகத் தெரியவில்லை. கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் அவன் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது.

பள்ளிக்கூடத்தை முழுசாகவும் பாலிடெக்னிக்கைப் பாதியாகவும் முடித்துவிட்டு, புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்க உட்கார்ந்தான். கல்யாணப் பத்திரிகை, காது குத்து, கண்ணீர் அஞ்சலி. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு யார் சம்பந்தி, எவரெவர் பங்காளி, எந்த மச்சானும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் பத்திரிகையில் பேர் போடும் வரிசையிலேயே தெரிந்துபோகும். இந்தப் படிப்புக்கு எந்தக் காலேஜிலும் பட்டம் தருவதில்லை. ஆனால் ஒரு கம்பெனியைக் காப்பாற்றியது இந்தப் படிப்புதான்.

அந்தக் கம்பெனிக்குப் பேர் எடுகொடு. உங்களிடம் இருக்கும் பழைய பொருளைக் கம்ப்யூட்டரில் ஏலம் விடலாம், விளம்பரம் போட்டு விற்கலாம். இப்போது கோவை சரவணம்பட்டியில் இருக்கும் ஆபீசின் வரவேற்பறையில் அதன் வரலாற்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'ஒரு கனவு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு இளைஞர்' என்று ஆரம்பிக்கும். கம்ப்யூட்டர் மூன்று, அதில் இரண்டு ஓடாது. இளைஞர் என்பது யஷ்வந்த், அமெரிக்காவில் படித்துவிட்டு 2006-இல் ஊர் திரும்பியவர். கனவு யாருடையது என்றுதான் விளங்கவில்லை. அவருடைய அப்பா லட்சுமிநாராயணன் கண்ட கனவு, மகன் மோட்டார் பம்பு கம்பெனியைப் பார்த்துக்கொள்வான் என்பது. அது பலிக்கவில்லை. "ஒரு வருசம் பாரு. கணபதியில நம்ம குடோனுக்கு மேல ரூம் சும்மாதான் கெடக்குது, எடுத்துக்க. அதுக்கப்பறம் ஒழுங்கா பம்பு விக்க வந்துரோணும்," என்று சொல்லிவிட்டார்.

யஷ்வந்த் புளியம்பட்டிச் சந்தையில் கொடுக்க நோட்டீஸ் அடிக்க வந்தார். 'உங்கள் பழைய பொருளை உலகமே ஏலம் கேட்கட்டும்' என்பது வாசகம். டைப் அடித்துக்கொண்டிருந்த அங்கப்பன் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"உலகம் எதுக்குங்க சார்? அன்னூர் வரைக்கும் கேட்டாப் போதுமுங்க."

யஷ்வந்த் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை அங்கப்பன் எடுகொடுவின் முதல் சம்பளக்காரன் ஆனான். வரவேற்பறைக் கண்ணாடிக்குள் இந்தத் தகவல் இல்லை.

கம்பெனி ஆரம்பித்த ஆறு மாசத்தில் படுத்துவிட்டது. படுத்த காரணம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. ஒருவர் விலை கேட்பதைப் பார்த்தால் அடுத்தவருக்குச் சூடு ஏறும், மேலே கேட்பார், அவரைப் பார்த்து மூன்றாமவர் இன்னும் மேலே போவார் என்று யஷ்வந்த் அமெரிக்காவில் படித்திருந்தார். அதற்காகவே கேட்டவர் பேரையும் ஊரையும் விலைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டார். சோமனூர்க்காரர் ஒருவர் நாலு விசைத்தறி ஏலத்துக்கு வைத்தார். நல்ல தறி. முதலில் கேட்டவர் அவருடைய சகலை. கேட்ட விலையைப் பார்த்தால் பழைய இரும்புக் கடைக்காரனுக்கே கூச்சம் வரும். யஷ்வந்த் அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தார். எட்டு நாள் காத்திருந்தார். இருநூறு பேர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கப்பன் பத்துப் பேருக்கு போன் போட்டு விசாரித்தான். பத்துப் பேரிடமும் ஒரே பதில்.

"சகல கேட்டுட்டாருங்களே. அதுக்கு மேல நாம கேட்டா நல்லாவாங்க இருக்கும்?"

அன்னூர்க்காரர் ஒருவர், தான் கேட்ட விலையை வாபஸ் வாங்க பஸ் ஏறி கணபதி ஆபீசுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு. தனக்கு முன்னால் கேட்டிருந்தவர் தன் மகளைக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்ததாம். "தெரியாம கேட்டுப்போட்டேனுங்க. எப்படியாச்சும் அழிச்சுப்போடுங்க," என்று யஷ்வந்தின் கையைப் பிடித்துக்கொண்டார். யஷ்வந்த் பழத்தை வாங்கிக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துவிட்டால் மரியாதையிலேயே வியாபாரத்தைக் கொன்றுவிடுவார்கள்.

"ஒருக்கா சந்தைக்கு வாங்க சார்," என்றான் அங்கப்பன்.

வியாழக்கிழமை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனான். யஷ்வந்த் வெள்ளை ஷூ போட்டு வந்தார்; வரும்போது மட்டும்தான் அது வெள்ளை. அங்கே இரண்டு பேர் கையைக் கோத்து, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு நின்றார்கள். துண்டுக்குள் விரல்கள் விலை பேசின. சுற்றி நின்ற ஐம்பது பேருக்கும் காளையைத் தெரியும், விலை தெரியாது. பேரம் படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆள் கையைப் பிடித்தார் தரகர்.

"எல்லாரும் பாக்கக் கேட்டா என்னவாம்?" என்றார் யஷ்வந்த்.

"பாக்கக் கேட்டா பகையாயிருமுங்க சார். துண்டுக்குள்ள கேட்டா வெறும் வியாபாரமுங்க."

அதை எப்படிச் சொன்னான் என்றால், அங்கப்பன் சின்ன வயசிலிருந்தே அந்தச் சந்தையைப் பார்த்தவன். பண்ணாடியின் காளைகளைப் பிடித்துக்கொண்டு அவனுடைய அப்பா மாரப்பன்தான் வருவான். கயிறு மாரப்பன் கையில் இருக்கும். துண்டுக்குள் கை பண்ணாடியுடையது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, பல்லைப் பிடித்துக் காட்டுகிறவன் துண்டுக்கு நாலு எட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். முப்பது வருசம் நின்றான். ஒருநாள்கூட ஒருவரும் அவன் கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்ததில்லை. என்ன விலைக்குப் போயிற்று என்று மாடு கைமாறிய பிறகு டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

அடுத்த மாதம் எடுகொடுவில் 'துண்டு' வந்தது. கேட்பவர் பேர் வெளியே தெரியாது. எண் மட்டும்தான். ஏலம் முடிந்து ஜெயித்தவர் பேர் மட்டும் விற்பவருக்குப் போகும். அவ்வளவு நாளும் சாதுவாக இருந்த ஜனங்கள் துண்டு விழுந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். மச்சானை மச்சான் ஏற்றினார், சம்பந்தியைச் சம்பந்தி அமுக்கினார். அந்தச் சகலை தறியை இரண்டரை மடங்கு கொடுத்து எடுத்தார், தன்னோடு மோதியது யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். வரவேற்பறைக் கண்ணாடியில் இதை 'நிறுவனர் வாடிக்கையாளர் உளவியலை ஆழ்ந்து ஆராய்ந்து கண்டறிந்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கப்பன் அதைப் படித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

அப்புறம் செல்போன் காலம் வந்தது. டிவியில் நடிகர்களை வைத்து விளம்பரம் செய்த பெரிய கம்பெனிகள் வந்தன. எடுகொடு பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் போன் பிரிவு. இங்கே மனுசர்களுக்கு விளம்பரம் டைப் அடிக்கப் பொறுமை கிடையாது; பேசச் சொன்னால் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிப் போடுவது கம்பெனி வழக்கம் ஆயிற்று. 'நல்ல எருமை, கோபம் மட்டும் கொஞ்சம்.' 'பைக், ஒரே ஓனர், மாமனார் ஓட்டியது, அதனால் வேகம் பார்க்காதது.' வால்பாறை எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் பிரிட்ஜ் போட்டார். வாங்கப் போன பொள்ளாச்சிக்காரர் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துவிட்டு, பிரிட்ஜைப் பார்க்காமலேயே இறங்கி வந்து, 'பொருளில் குறை இல்லை, ரோட்டில்தான் குறை' என்று எழுதச் சொன்னார். அதையும் போட்டார்கள்.

இந்த போன் பிரிவுக்கு வேலைக்கு வந்தவள்தான் கிருபா. சத்தியில், அதாவது சத்தியமங்கலத்தில், சர்ச்சுக்குப் பின் தெருக்காரி. அவள் வாங்கிய முதல் விளம்பரத்தில் அங்கப்பன் ஒரு வார்த்தையைத் திருத்தினான். "ஓனர் சொல்லாததை நீங்க எதுக்குச் சேக்கறீங்க?" என்று கேட்டாள். திருத்தியதை எடுத்துவிட்டான். ஒன்றரை வருசம் கழித்து அவளையே கல்யாணம் செய்துகொண்டான். இப்போது போன் பிரிவுக்கு அவள்தான் தலைவி, அங்கப்பன் ஏலப் பிரிவுக்கு மேனேஜர். வீட்டுக்கு யார் தலைவர் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

போன வருசம் பெங்களூர்க்காரர்கள் கம்பெனியில் பாதிப் பங்கை வாங்கினார்கள். கூடவே சாய்ப்ரியா என்ற முப்பது வயசுப் பெண் புதுத் திட்டங்களோடு வந்தாள். நல்ல பெண், சொன்னால் கேட்பாள், ஆனால் எதையும் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்பாள். துண்டை எடுக்க வேண்டும் என்றாள் அவள். அதில் நியாயமும் இருந்தது. விற்பவர்களே துண்டுக்குள் புகுந்து தங்கள் விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மகராசன் நாலு செல்போன் வைத்துத் தன் டிராக்டரைத் தானே ஏற்றி, கை தவறிக் கடைசியில் தானே ஜெயித்துவிட்டான். கமிஷன் கேட்டபோது, "என்ற வண்டிய நானே வாங்குனதுக்கு எதுக்குங்க கமிசன்?" என்று ஆபீசுக்கு வந்து சண்டை. அந்தக் கடுப்பில், கேட்பவர் பேரைத் திறந்துவிடும் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டவன் அங்கப்பனேதான். பதினெட்டு வருசத்துக்கு முன் தான் கண்ட கூத்து அவனுக்கே மறந்துவிட்டது. வரும் மாதம் இரண்டாம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் துண்டு விலகும் என்று முடிவானது.

கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும். மதியம் போன் பிரிவில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அடித்த போனை அங்கப்பன் எடுத்தான்.

"எடுகொடுங்க, சொல்லுங்க."

"ஏனுங்க, ஒரு வண்டி போடோணுங்க. பழைய ஜீப்பு. எம்பத்தி மூணு மாடலு."

"பேரு, ஊரு சொல்லுங்க."

"பெரியதோட்டம் லட்சுமணசாமிங்க. புளியம்பட்டிக்குப் பக்கமுங்க."

அங்கப்பனின் பேனா நின்றது. முப்பது வருசமாக அவன் காத்திருந்த போன் சோற்று நேரத்தில் வந்திருக்கிறது. பண்ணாடி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசம். அன்றைக்குச் சீட்டுத்துணியைப் பற்றிப் பேசிய மகனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது இருக்கும்.

"வெளம்பரத்துல என்ன போட்டுக்கறதுங்க?"

"ஒரே குடும்பம்னு போட்டுக்குங்க. நல்லது பொல்லாததுக்கு மட்டுந்தான் எடுத்தது. ஊட்டாளுகளைத் தவுத்து வெளியாள் ஒருத்தரையும் ஏத்துனதில்லைங்க."

"ஒருத்தரையுமே இல்லீங்களா?"

"இல்லீங்க. கேட்டாங்க. நாங்க ஏத்துலீங்க."

அங்கப்பன் ஒரு எழுத்து மாற்றாமல் டைப் அடித்தான். அடித்துவிட்டு, "சீட்டுத்துணிங்க?" என்றான்.

"அது எப்பவோ கிழிஞ்சு மாத்தியாச்சுங்க. அதெதுக்கு?"

"சும்மா கேட்டனுங்க," என்றான்.

ஏலம் பத்து நாள். ஏற்றிவிட்ட பிறகுதான் தேதியைப் பார்த்தான். முடிவது இரண்டாம் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி. துண்டு விலகுவது அன்றைக்குக் காலை எட்டு மணி. நடுவில் பத்து மணி நேரம் அவன் பேர் லட்சுமணசாமியின் கண் முன்னால் அம்மணமாகக் கிடக்கும். விற்பவர் மனசு மாறினால் சாயங்காலம் ஐந்து மணிவரை பொருளை வாபஸ் வாங்கலாம் என்பது விதி. மாரப்பன் மகன் கேட்கிறான் என்று தெரிந்தால் லட்சுமணசாமி வண்டியைக் கொடுப்பாரா? சாளைக் கூரைக்குக் கீழே நிறுத்திக் கறையான் தின்ன விட்டாலும் விடுவார். இந்த விதியையும் எழுதியவன் அங்கப்பன்தான். தன்னைத் தானே நாலு வார்த்தை நன்றாகத் திட்டிக்கொண்டான்.

வீட்டில் விசயத்தைச் சொன்னான். வாங்கப் போவது மாடி கட்டச் சேர்த்த காசில். கிருபா பாஸ்புக்கை எடுத்து வந்து பார்த்தாள்.

"ஜீப்புக்குள்ள குடியிருக்க முடியுமா?"

"முடியாது."

"மூணு லட்சம். அதுக்கு மேல ஒரு ரூவா கேட்டீங்கன்னா நா எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். ஜீப்புல இல்ல, பஸ்ல."

நாலாம் எண்ணில் கேட்க ஆரம்பித்தான். ஒன்றரை லட்சத்தில் தொடங்கிய ஏலத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நாள் போகப் போக ஏழாம் எண்காரன் ஒருத்தன் மட்டும் விடாக்கண்டனாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் போட்டான். அங்கப்பன் தொண்ணூற்றைந்து போட்டான். இனி ஒரே ஒரு படிதான் அவனுக்குப் பாக்கி.

வேறு வழி தெரியாமல் சாய்ப்ரியாவுக்கு போன் போட்டான். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "அம்மணி, திங்கக்கெழமை காலைல எட்டு மணி ராகுகாலமுங்க. பேரத் தொறக்கறதை மாத்தி வெக்கலாமுங்களா?" ஒரு நாளாவது தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டான். சாய்ப்ரியா காலண்டரைப் பார்த்தாள்.

"ஆமாங்ணா, ஏழரை ஒம்போது. நல்லவேளை சொன்னீங்க. ஒம்போது அஞ்சுக்கு வெச்சுட்டேன்."

ஆக, ஒரு மணி ஐந்து நிமிசம் லாபம்.

திங்கட்கிழமை ஒன்பது ஐந்துக்குத் துண்டு விலகியது. ஜீப்பின் பக்கத்தில், விலைக்கு நேராக, 'அங்கப்பன், புளியம்பட்டி' என்று பெரிய எழுத்தில் வந்தது. ஏழாம் எண் யாரென்று பார்த்தான். சத்தி சீனிவாசலு, டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், காசுக்குப் பஞ்சமில்லாதவர். தொலைந்தது என்று நினைத்தபோதே போன் அடித்தது. சீனிவாசலுதான்.

"ஏனுங்க அங்கப்பன், நாலாம் நெம்பரு நீங்களா?"

"நாந்தானுங்க."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? நாம்பாட்டுக்கு ஏத்தி உட்டுட்டிருந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"தப்பெல்லாம் இல்லீங்க. ஏலமுங்க இது. நீங்க கேளுங்க."

பக்கத்து மேசையில் இருந்த கிருபா அவன் தொடையில் கிள்ளினாள். பதினெட்டு வருசப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"அதெப்படிங்க," என்றார் சீனிவாசலு. "என்ற மூணு டிராக்டரு வித்துக்குடுத்தவரு நீங்க. நீங்க ஆசப்பட்டுக் கேக்கறப்ப நா போட்டிக்கு நின்னா நல்லாவாங்க இருக்கும்? உட்டுட்டனுங்க."

மத்தியானத்துக்குள் மிச்சம் ஆறு பேரும் பேசிவிட்டார்கள். ஒருவருக்கு அவன் தறி விற்றுக் கொடுத்திருந்தான், ஒருவருக்கு அவன் எழுதிய விளம்பரத்தில் கிணற்று மோட்டார் கிடைத்திருந்தது. எல்லோரும் அதே பேச்சு. நீங்க கேட்டிருக்கறப்ப நாங்க எப்படிங்க. மூன்றாம் எண்காரர், லட்சுமணசாமியின் சொந்தச் சம்பந்தி, அவரும் அப்படியே சொல்லிவிட்டு, தெரியாமல் கேட்டதற்கு மன்னிப்பு வேறு கேட்டார்.

அங்கப்பன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். மச்சானுக்கும் சம்பந்திக்கும் சகலைக்கும் காட்டுகிற மரியாதை இது. அவனை முதல் ஆறு மாசம் தூங்கவிடாமல் செய்த எழவு பிடித்த மரியாதை. அந்த வரிசையில் தன் பேர் வரும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. இதே ஆட்களின் அப்பன்மார்தான் சந்தையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள், மாரப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்காக ஒருவரும் கையைப் பின்னால் இழுத்ததில்லை. அங்கப்பனுக்கு அழலாம் போல இருந்தது. அதே நேரம், இப்படி ஏலத்தைக் கெடுக்கிறார்களே மடப்பசங்க என்று ஆத்திரமும் வந்தது. இரண்டில் எதைச் செய்வதென்று தெரியாமல் டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது சாய்ப்ரியா வெளிறிப்போய் நின்றாள்.

"என்னங்ணா இது? எரநூத்திப் பன்னண்டு ஏலம் ஓடிட்டு இருந்துது. ஒம்போது அஞ்சுல இருந்து ஒண்ணுகூட நகரல. சர்வர் போயிருச்சா?"

"சர்வரெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது அம்மணி. ஒருத்தருக்கொருத்தரு மரியாதை குடுத்துட்டு இருக்கறாங்க," என்றான் அங்கப்பன்.

நாலரைக்கு கிருபா போனைக் காதிலிருந்து எடுத்து அவனிடம் நீட்டினாள். "பெரியதோட்டம்," என்றாள்.

"நீ மாரான் பையனா?" என்றது போன். அன்றைக்கு இருந்த ஏனுங்க, போட்டுக்குங்க எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"மாரப்பன் மகனுங்க."

"அன்னைக்கு எழுதிக்கிட்டதும் நீதானா? சொல்லவே இல்ல."

"நீங்க கேக்குலீங்க."

லட்சுமணசாமி தொண்டையைச் செருமினார். "வண்டி குடுக்கறதா இல்ல. எடுத்துப்போடு."

அங்கப்பன் பேனாவை எடுத்தான். வாய் தன் வேலையைப் பார்த்தது. "எடுத்தரலாமுங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல என்ன போடட்டுங்க?"

"என்னமோ ஒண்ணு போடு."

"நீங்க சொல்றதை அப்படியே போடறதுதானுங்க எங்க வழக்கம். வெளம்பரத்துலயும் அப்படித்தானுங்க போட்டேன். எட்டுப் பேருக்கும் மெசேஜ் போகுமுங்க, உங்க பேரோட."

"எட்டுப் பேருக்குமா?"

"ஆமாங்க. மூணாம் நெம்பரு உங்க சம்பந்திங்க. காலைல பேசுனாருங்க. நா கேட்டிருக்கறேன்னு தெரிஞ்சதும் உட்டுக்குடுத்துட்டாருங்க. மத்தவங்களும் உட்டுக்குடுத்துட்டாங்க. இப்ப நீங்க குடுக்கறதில்லைன்னா எதனாலன்னு கேப்பாங்க. சொல்லுங்க, எழுதிக்கறேன்."

போனில் ஒரு கோழி கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். அங்கப்பன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான். மணி நாலு முப்பத்தைந்து ஆயிற்று. ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். கிருபா அவளுடைய சாமியை வேண்டிக்கொண்டிருந்தாள் என்று அப்புறம் சொன்னாள்.

"செரி, உடு," என்றார் லட்சுமணசாமி. "எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"

"புதன்கெழமை வாரேனுங்க," என்றான் அங்கப்பன்.

அந்த வாரமே துண்டு திரும்ப வந்தது. எண்ணுக்குப் பின்னால் நிஜ ஆள் ஒருத்தர்தான் இருக்கிறார் என்று கம்பெனி மட்டும் சரிபார்த்துக்கொள்ளும்படி சாய்ப்ரியா மாற்றிவிட்டாள். வரவேற்பறைக் கண்ணாடிக்குள் இதற்கும் ஒரு வரி எழுதப் போகிறார்களாம், யார் ஆராய்ந்து கண்டறிந்தது என்று இன்னும் முடிவாகவில்லை.

புதன்கிழமை பழனியாத்தாளைக் கூட்டிக்கொண்டு சாளைக்குப் போனான். லட்சுமணசாமி படியில் நின்றபடி சாவியைக் கொடுத்தார். ஜீப் உறுமி, இருமி, மூன்றாம் தடவை கிளம்பியது. பழனியாத்தாள் நேராகப் பின்பக்கம் போய் ஏறப் பார்த்தாள்.

"அம்மா, முன்னால."

"முன்னால வெயிலடிக்கும் சாமி."

"அடிக்கட்டும். ஏறு."

ஏறினாள். சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். பச்சைத் துணி இல்லை என்பதில் அவளுக்கு ஏமாற்றம்தான். வண்டி தோட்டத்துத் தடத்தில் குலுங்கிக் குலுங்கி ரோட்டுக்கு ஏறுவதற்குள் வெற்றிலைப்பை கீழே விழுந்துவிட்டது, கொண்டை அவிழ்ந்துவிட்டது.

"ஏங்கண்ணு, இதுக்கா இத்தன பாடு? இந்தக் குலுக்குக்கு நீ மைல்கல்லு வரைக்குங்கூடத் தாங்கியிருக்க மாட்டே. சாளை வாசல்லயே பொறந்திருப்பே," என்றாள்.

முப்பது வருச லட்சியத்தை இப்படி ஒரே பேச்சில் முடித்துவிட்டாளே என்று அங்கப்பனுக்குக் கோபம். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். மைல்கல் இருந்த இடத்தை ரோடு அகலப்படுத்தும்போது பிடுங்கிவிட்டார்கள். எந்த இடம் என்று அவள்தான் கை காட்டினாள். வண்டியை அங்கே நிறுத்திப் போட்டோ எடுத்தான்.

பொருள் கைக்கு வந்ததும் வாங்கியவர் ஒரு போட்டோ போட வேண்டும் என்பது எடுகொடுவின் விதி. போட்டான். முன் சீட்டில் பழனியாத்தாள், வாய் நிறைய வெற்றிலை, ஒரு கை கதவுக் கம்பியில். அவளுக்கு மேலே லட்சுமணசாமியின் விளம்பரம் அப்படியே இருந்தது. சாயங்காலம் சாய்ப்ரியா போன் செய்தாள்.

"அண்ணா, அந்த வரிய எடுத்தரட்டுங்களா? ஊட்டாளுகளைத் தவுத்து வெளியாள் ஒருத்தரையும் ஏத்துனதில்லைன்னு இருக்குது. கீழயே அம்மா உக்காந்திருக்காங்க. பாக்கறவங்களுக்குப் பொய்யாட்டத் தெரியும்."

"பொய்யில்லீங்க அம்மணி, இருக்கட்டும்," என்றான் அங்கப்பன். "வண்டியோட ஆர்சி புக்க எங்கம்மா பேருக்குத்தானுங்க மாத்தறேன்."